அக்கரை நெருங்கிய ஆண்டு

அக்கரை நாடும் தூரத்து நாடும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கிக்கொண்ட செய்தி ஒரு சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் வந்தது. மறுநாள் விடிந்தபோது அக்கரை கிட்டத்தில் வந்து நின்றது. அதுவரைக்கும் கூனித்துறைக்காரர்களுக்கு அக்கரை என்றால், மழை விட்ட இரவுகளில் கிழக்கே வானத்தின் அடியில் யாரோ பீடி பற்றவைத்ததுபோல் தெரிந்து மறைகிற ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இப்போது பல்பொடியும் விரலுமாகக் கடற்கரைக்கு வந்தவர்களின் கண்ணுக்கு அங்கே நிற்கிற பனைமரங்கள் தெரிந்தன, வெள்ளையடித்த கோயிலும் அதன் உச்சிச் சிலுவையும் தெரிந்தன, கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. யாரும் அலறவில்லை. "வந்துட்டானுவளா?" என்று ஒருவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டே கேட்டார். "வந்துட்டானுவ" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். ஒப்பந்தம் போட்டால் நெருங்கத்தான் செய்வார்கள், அதற்கு என்ன செய்ய முடியும் என்று அவரவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

கித்தேரிக்கு மட்டும் எரிச்சல் தாங்கவில்லை. அவள் கரைவலைக்குச் சொந்தக்காரி. கரைவலை என்பது கடலைக் கட்டிப்பிடிக்கிற வேலை: கயிற்றின் ஒரு முனையைக் கரையில் ஆட்கள் பிடித்துக்கொள்ள, வள்ளம் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய், பெரிய வளையமாக அதை இறக்கிக்கொண்டே சுற்றி வந்து, மறுமுனையை வேறொரு இடத்தில் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும், பிறகு இரண்டு கூட்டமாகப் பிரிந்து, காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, மத்தியானம் வரைக்கும் இழுத்தால், கடைசியில் வலையின் மடி, மீன் கிடக்கிற அந்தப் பெரிய பை, கரையேறும். அந்த மடியில் வருவதில்தான் கித்தேரியின் வீட்டிலும் அவளோடு இழுக்கிற முப்பது பேர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது. அதற்கு அவளுக்கு வேண்டியது கடல், அதுவும் அகலமான கடல். அந்தக் கடலிலிருந்து ஒரே ராத்திரியில் முக்கால்வாசியை எவனோ சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"இது உலக விவகாரம் ஏளா, ஒனக்கு வெளங்காது" என்றார் அவள் புருஷன் கஸ்பார். வலை இழுக்கிற நேரத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ரேடியோ கேட்டால் சரியாகிவிடும். "தூரத்து நாட்டுக்காரன் அவனுக்குக் கப்பல் குடுப்பான், பீரங்கி குடுப்பான், சுடப் பழக்கி விடுவான். இவன் கை நீண்டுபோவுது. கை நீண்டா ஆளு கிட்ட வந்தமாதிரிதான?"

"கை நீண்டா கைதான வரணும்? மரம், கோயிலு, வள்ளம்னு ஊரோட எதுக்கு வாரான்?"

"அதான் சொன்னேன, ஒனக்கு வெளங்காதுன்னு."

"நீரு வெளங்கிக்கிட்டு என்னத்தக் கிழிச்சீரு? போயி கயித்தப் புடியும்."

கஸ்பார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாரமே புருஷோத்தமன் என்ற பாதுகாப்பு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை, மணலில் பூட்ஸ் புதைந்து புதைந்து நடந்து, முகமெல்லாம் வேர்த்து, கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து அக்கரையைப் பார்த்தார். அங்கே ஒரு பெண் முற்றத்தில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தாள், அவளும் நிமிர்ந்து இவரையே பார்ப்பதுபோல இருந்தது. அவர் கூச்சப்பட்டுப் பைனாகுலரை இறக்கிவிட்டார். பிறகு கோயில் முன்னால் ஊர்க்காரர்களை நிற்கவைத்துப் பேசினார். பயப்பட வேண்டாம், நாமும் சும்மா இருக்கப்போவதில்லை, வடகோடி நாட்டோடு நம் நாடும் பாதுகாப்பு ஒப்பந்தம் போடப்போகிறது, இனிமேல் அவர்கள் ஒரு கப்பல் கொண்டுவந்தால் நம்மிடமும் ஒரு கப்பல் நிற்கும் என்றார்.

"அப்படிப் போட்டா அக்கரை திரும்பிப் போயிருமா அய்யா?" என்று கித்தேரி கேட்டாள்.

அதிகாரி யோசித்தார். "திரும்பிப் போகும் என்று சொல்ல முடியாதும்மா. ஆனால் நாம் பாதுகாப்பாக இருப்போம்."

"எனக்குக் கடலு வேணும்யா."

"பாதுகாப்பு இருந்தால்தானே அம்மா கடல் இருக்கும்?"

அவர் சொன்னபடியே ஒப்பந்தம் ஆயிற்று. ரேடியோவில் வாழ்த்தும் வந்தது. கூனித்துறையில் சிறு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மிட்டாயும் கிடைத்தது. மறுநாள் விடியும்போது அக்கரை இன்னும் பாதித் தூரம் நெருங்கி வந்திருந்தது. இப்போது கொடியில் காய்கிற துணியின் நிறம் தெரிந்தது, நாய் குரைப்பது கேட்டது, மாசிக்கருவாட்டைச் சம்பலுக்கு இடிக்கிற வாசனை காற்று திரும்பினால் இங்கே வந்தது. தூரத்து நாடு தூரத்திலேயே இருந்தது, வடகோடி நாடு வடகோடியிலேயே இருந்தது. கைகுலுக்கியவர்கள் ஒருவரோடு ஒருவர் ஓர் அடிகூட நெருங்கவில்லை, கைகுலுக்காத இரண்டு கரைகள்தான் நெருங்கிக்கொண்டே போயின.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. அக்கரைக் கடிகாரம் அரை மணி முந்தி ஓடுகிற கடிகாரமாம், அவர்கள் கோயில் மணி அரை மணி முந்தியே அடித்தது. அதைக் கேட்டு எழுந்து போன கூனித்துறைக் கிழவிகள் பூட்டிய கோயில் வாசலில் உட்கார்ந்து சாமியாரைத் திட்டினார்கள். சாமியார் வெறுத்துப்போய்த் தன் பூசையையும் அரை மணி முன்னால் தள்ளினார். உடனே அதிகாரி வந்து, எதிரி நாட்டு நேரத்துக்குப் பூசை வைப்பது சரியா ஃபாதர் என்று கேட்டார். இந்தக் கரைச் சேவல் கூவினால் அந்தக் கரைச் சேவல் பதில் கூவியது. அங்கே ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டால் இங்கே யார் பக்கம் நியாயம் என்று இரண்டு கட்சி உண்டானது. சிப்பாய்கள் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்தால் ரகசியம் அந்தக் கரைக்குப் போய்விடுகிறது என்று சைகையிலேயே எல்லாம் நடத்தினார்கள்; சாப்பாடு கேட்பதற்கும் சைகை, காவல் மாறுவதற்கும் சைகை; அந்தச் சைகைகளை அக்கரைச் சிப்பாய்கள் உட்கார்ந்து குறித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் கித்தேரிக்குப் பொறுக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஏளா! அக்கரைக்காரி! எதுக்குளா இப்படி ஊரத் தள்ளிக்கிட்டு எங்க மேல வந்து விழுதீக?" என்று கத்தினாள்.

அங்கே ஒருத்தி தண்ணீரில் இறங்கினாள். தலைக்கு எண்ணெய் தேய்த்த அந்தப் பெண்தான். அவளும் ஒரு கரைவலைக்குச் சொந்தக்காரி, பெயர் ஞானப்பூ என்று பிற்பாடு தெரிந்தது.

"ஆர் வாறது? நாங்களோ?" என்று அவள் திருப்பிக் கத்தினாள். "நாங்கள் நிண்ட இடத்திலதான் நிக்கிறம்! நீங்கள்தான் நாளுக்கு நாள் வாறியள்! உங்கட அடுப்புப் புகை எங்கட உடுப்பெல்லாம் மணக்குது!"

"கண்ணு அவிஞ்சா போச்சு? நீங்க போட்ட ஒப்பந்தத்துனாலதான இந்தக் கூத்து?"

"உங்களுக்குப் பயந்துதானே போட்டவை!"

"எங்களுக்கா? நாங்க என்னளா பண்ணினோம்? ஒங்களுக்குப் பயந்துல்லா நாங்க போட்டோம்!"

"விசர்க்கதை கதையாதை! நாங்கள் போட்டது முதல்லையோ, நீங்கள் அதுக்கு முந்தி வாங்கின கப்பல் முதல்லையோ?"

"அது நீங்க காவல் கோபுரம் கட்டினதுக்கு வாங்குன கப்பலு!"

"கோபுரம் நீங்கள் ரோட்டுப் போட்டதுக்கு!"

இப்படியே அவர்கள் தங்கள் தாத்தாக்கள் காலம்வரைக்கும் பின்னோக்கிப் போனார்கள். அதற்கு அப்பால் இருவருக்கும் விவரம் தெரியாததால் தொண்டை காய்ந்து வீட்டுக்குப் போனார்கள். ஆனால் ஞானப்பூ சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கூனித்துறையிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ரோடு நீண்டுகொண்டே போனது. ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்த இடத்துக்கு இப்போது வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து போக வேண்டியிருந்தது. ரேஷன் கடை அடுத்த ஊர்போல ஆகிவிட்டது. அதிகாரியின் ஜீப்புக்கே டீசல் போதவில்லை. எல்லோருக்கும் கால் வலித்தது, எல்லோருக்கும் காரணம் தெரிந்தது, ஆனால் நம் கரையும்தான் நகர்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அக்கரைக்காரர்கள் பக்கம் பேசியதாக ஆகிவிடுமே.

பிறகு கூட்டுப் பயிற்சி என்றார்கள், ராடார் என்றார்கள், உளவுத் தகவல் பரிமாற்றம் என்றார்கள். அங்கே ஒன்று நடந்தால் இங்கே ஒன்று நடந்தது. நடந்த ஒவ்வொன்றுக்கும் கடல் ஒரு சுருக்கு சுருங்கியது. இருந்த கடலில் கித்தேரி வலையை இறக்கிக்கொண்டுதான் இருந்தாள். அப்படி இறக்கிய ஒரு காலையில்தான் அந்தத் தப்பு நடந்தது. வள்ளம் வழக்கமாகச் சுற்றுகிற வளையத்தைச் சுற்றியது; அந்த வளையத்தின் விளிம்பு இப்போது அக்கரையில் இடிக்கும் என்று வள்ளத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றவில்லை, அவர்கள் கை பழக்கத்தில் வலையை இறக்கியது. மடி போய் அக்கரையில் வள்ளம் கட்டுகிற முளையில் மாட்டிக்கொண்டது. இங்கே கயிறு கல்போல இறுகியது.

"பாடு கனக்குடா!" என்று கத்தினான் முன்னால் இழுத்தவன். இவ்வளவு கனமான மீன்பாடு பல வருஷமாக யாரும் கண்டதில்லை. முப்பது பேரும் சந்தோஷத்தில் பாட்டெடுத்து இழுத்தார்கள், போகிறவன் வருகிறவன் எல்லாம் கை கொடுத்தான், இடுப்பு வலிக்காரர் கஸ்பாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார். மடி வருகிறது, வருகிறது என்று மத்தியானம் வரைக்கும் இழுத்தார்கள். வந்தது அக்கரை. முளையும் வள்ளமும் வள்ளத்தின் மேல் நின்ற சேவலும், மீன் வெட்டுகிற கத்தியோடு முன்னால் நின்று தலைதெறிக்கக் கத்துகிற ஞானப்பூவுமாக, அக்கரை கல்லெறி தூரத்தில் வந்து நின்றது. இதில் இன்னொன்று: அதே காலையில் ஞானப்பூவின் வலையும் இந்தக் கரையில் கிடந்த பழைய நங்கூரத்தில் மாட்டி, அவள் ஆட்களும் பெரிய பாடு என்று பாட்டுப் பாடி இழுத்திருந்தார்கள்.

புருஷோத்தமன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு ஒப்பந்தம் பண்ண முடியாததை ஒரு காலையில பண்ணிட்டீங்களேம்மா" என்றார். "மேலே என்னன்னு எழுதுவேன்? பொதுமக்கள் எதிரி நாட்டை இழுத்துட்டாங்கன்னா?"

"மீனுன்னு நெனச்சி இழுத்தோம்யா. நீங்களும் ஏதோ நெனச்சித்தான இழுக்கீக?" என்றாள் கித்தேரி.

அதற்குப் பிறகு கடல் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வாய்க்கால்தான் மிச்சம். வடகோடி நாடு அனுப்பிய பீரங்கி வந்து சேர்ந்தது. அது அகலமான கடலுக்காகச் செய்த பீரங்கி, குழாய் அவ்வளவு நீளம். நட்டு நிறுத்தியபோது அதன் வாய் வாய்க்காலைத் தாண்டி ஞானப்பூவின் முற்றத்துக்குள் போய் நின்றது. அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள். வெயில் நன்றாகப் படுகிற இடம். மறுநாள் அதில் பாவாடையும் போர்வையும் காயப்போட்டாள். நம் பீரங்கியில் அந்நிய நாட்டுத் துணி காய்வது இறையாண்மைக்கு இழுக்கு என்று இங்கிருந்து கண்டனம் போனது. எங்கள் வான்வெளியில் உங்கள் குழாய் நிற்பதுதான் இழுக்கு என்று அங்கிருந்து பதில் வந்தது. துணி காய்ந்துகொண்டே இருந்தது. தூரத்து நாட்டின் பெரிய கப்பல் காவலுக்கு என்று வாய்க்காலின் தெற்கு வாயில் நுழைந்து இரண்டு கரையிலும் தோள் இடிக்கச் சிக்கிக்கொண்டது. அதைப் பார்த்து வடகோடி நாட்டின் பெரிய கப்பல் வடக்கு வாயில் நுழைந்து அதேபோலச் சிக்கிக்கொண்டது. இரண்டு கப்பலிலும் இருந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் மேல்தளத்தில் சீட்டு விளையாடினார்கள்.

கூனித்துறையில் அடுப்பு எரியவில்லை. முப்பது வீட்டிலும் முதலில் கருவாடு தீர்ந்தது, பிறகு கடனுக்குக் கொடுக்கிற கடைகளின் பொறுமை தீர்ந்தது, பிறகு கஞ்சியில் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. இழுப்பாட்கள் கித்தேரியின் வாசலில் வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவார்கள். அதற்குத் திட்டிவிட்டுப் போயிருந்தாலும் அவளுக்குத் தேவலை போல இருந்தது. கஸ்பார் மட்டும் தெம்பாக இருந்தார். "நம்ம நாடு இவ்வளவு பலமா என்னைக்குளா இருந்திருக்கு?" என்று அவர் ஒரு ராத்திரி கஞ்சிக் கும்பாவை வழித்துக்கொண்டே கேட்டார். அவள் கும்பாவைப் பிடுங்கி, அதில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு, வெளியே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த விடியலில் வாய்க்கால் மினுங்கியது. கித்தேரி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தண்ணீர் முழுக்கச் சாளை. பருவத்துக்கு வடக்கே போகிற மீன் கூட்டம் எப்படியோ உள்ளே புகுந்து, வடக்கே ஒரு கப்பலும் தெற்கே ஒரு கப்பலுமாக வாசல் அடைபட்டு, வெளியே போக வழியில்லாமல் வெள்ளித் தகடுபோலப் புரண்டுகொண்டிருந்தது. எதிர்க்கரையில் ஞானப்பூவும் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னமும் ஒட்டித்தான் போயிருந்தது.

வலையைச் சுற்ற இடமில்லை. ஒரு கரையில் நின்று இரண்டு முனையையும் இழுக்க முடியாது. இரண்டு பெண்களும் தண்ணீரைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒரு முனை இஞ்ச, ஒரு முனை அங்க" என்றாள் ஞானப்பூ. இப்போது கத்தத் தேவையில்லை, பேசினாலே கேட்டது. "ரெண்டு கரையிலயும் ஒரே திசையா நடந்து இழுப்பம். தெற்குக் கப்பல்வரைக்கும்."

"வலை என்னது."

"ஆர் இல்லையெண்டது? என்ரை வலையை எங்கட ராணுவம் மறைப்புக்கெண்டு கொண்டுபோட்டுது."

கித்தேரி கயிற்றின் ஒரு முனையை வீசினாள். அது ஒரே வீச்சில் அக்கரைக்குப் போனது. இந்தக் கரையில் முப்பது பேர், அந்தக் கரையில் ஏறக்குறைய அதே அளவு. வடக்குக் கப்பலின் நிழலில் வலையை இறக்கிவிட்டு, இரண்டு கூட்டமும் வாய்க்காலின் இரண்டு பக்கமும் தெற்கே பார்த்து நடந்தார்கள். பாட்டு இரண்டு கரையிலும் ஒரே பாட்டாகத்தான் இருந்தது, அங்கே கொஞ்சம் இழுத்துப் பாடினார்கள், அவ்வளவுதான். சிப்பாய்கள் துப்பாக்கியைப் பிடித்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். யாரைச் சுடுவது என்று அவர்களுக்கு உத்தரவு வரவில்லை. சாளைக் கூட்டம் வலைக்கு முன்னால் ஓடி ஓடி, தெற்குக் கப்பலின் அடியில் முட்டித் திரும்பி, மடிக்குள் விழுந்தது. மடி ஊதிப் பெருத்தது. கயிறு முறுகியது.

அப்போதுதான், மடியை எந்தக் கரையில் ஏற்றுவது என்று பேசவே இல்லை என்பது இரண்டு பேருக்கும் நினைவு வந்தது. கித்தேரி பேசாததற்குக் காரணம், வலை அவளுடையது, அதில் பேச என்ன இருக்கிறது. ஞானப்பூ பேசாததற்குக் காரணம், யோசனை அவளுடையது, அதில் பேச என்ன இருக்கிறது.

"முனைய இங்க வீசுளா" என்றாள் கித்தேரி.

"நீங்கள் இஞ்ச வீசுங்கோ. கரையேத்திப்போட்டு உங்கட பங்கைத் தாறன்."

"நான் தரமாட்டனா?"

"தருவியளோ என்னவோ, எனக்கென்ன தெரியும்!"

இரண்டு கூட்டமும் காலை ஊன்றி நின்றது. மடி நடுத்தண்ணீரில் தொங்கியது. இழுத்த இழுப்பில் கயிறு கரைகளை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தது. வாய்க்கால் தெருவளவு ஆயிற்று, பிறகு சந்தளவு ஆயிற்று. கூனித்துறை மண் சரிந்து சரிந்து விழ, முதல் வரிசை வீடுகளின் சுவரில் விரிசல் ஓடியது. தண்ணீர் இன்னும் ஒரு முழம் குறைந்தால் மடிக்குள்ளேயே மீன் நசுங்கிவிடும், கரையும் கரையும் முட்டினால் அதோடு கடல் என்ற பேச்சே முடிந்துவிடும்.

"விட்டுராத ஏளா!" என்று பின்னாலிருந்து கஸ்பார் கத்தினார். "விட்டா நாட்டு மானம் போயிரும்!"

"வாய மூடும்! நீரு கயித்தத் தொட்டீரா இன்னைக்கு?"

புருஷோத்தமன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அம்மா, கயிற்றை விடாதீங்க, இழுக்கவும் செய்யாதீங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. மேலே கேட்டிருக்கேன்."

"எவ்வளவு நேரம் நிக்க?"

"பதில் வர்றவரைக்கும்."

கித்தேரி அவரைப் பார்த்தாள். தன் பின்னால் சாய்ந்து நிற்கிறவர்களைப் பார்த்தாள், அவர்கள் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். எதிரே ஞானப்பூவின் கையில் கயிறு அறுத்து ரத்தம் வடிவதையும், அவள் விடாமல் பல்லைக் கடித்திருப்பதையும் பார்த்தாள். கயிற்றைச் சும்மா விட்டால் வலை வாய் பிளந்து மீன் எல்லாம் ஓடிவிடும். விடாமல் நின்றால் எல்லாம் நசுங்கும். யாராவது ஒருத்தி தன் முனையை மற்றவளிடம் கொடுத்தால்தான் உண்டு. கொடுத்தவளுக்கு என்ன மிஞ்சும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை. அவளுக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். பிறந்ததிலிருந்து பார்த்த கடலை இத்தனை பேர் சேர்ந்து சந்தாக்கிவிட்டார்களே என்கிற ஆத்திரம்.

"இந்தாளா, புடி! ஒங்களக் கட்டி அழ என்னால ஏலாது! நீயே தின்னு!" என்று கித்தேரி தன் முனையைச் சுருட்டி எதிர்க்கரைக்கு எறிந்தாள்.

ஞானப்பூ அதைப் பிடித்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. ஒரு கணம் இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ பொறி இருக்கும் என்பதுபோல விழித்தாள்.

கயிறு கையை விட்டுப் போனதும் கரை விலகியது. சத்தமில்லாமல், வண்டி பின்னால் நகர்வதுபோல. சந்து தெருவாயிற்று, தெரு வாய்க்காலாயிற்று. சிக்கிக் கிடந்த இரண்டு கப்பல்களும் தோள் விடுபட்டு மிதந்தன; சீட்டாடியவர்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். பீரங்கிக் குழாய் ஞானப்பூவின் முற்றத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தபோது அதில் காய்ந்த போர்வை ஒன்று தண்ணீரில் விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நடுவில் நல்ல அகலமான கடல் கிடந்தது, அலை அடித்தது, முகத்தில் உப்புக்காற்று பட்டது. கித்தேரி கேட்ட கடல் அவளுக்குக் கிடைத்துவிட்டது. வலை அக்கரையில் இருந்தது, மடி அக்கரையில் இருந்தது, மீன் அக்கரையில் இருந்தது.

ஞானப்பூ அங்கிருந்து கையை ஆட்டி ஏதோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லையைத் தாண்டி வள்ளம் விடக்கூடாது என்று இரண்டு பக்கமும் உத்தரவு வந்துவிட்டது.

"மீனும் போச்சு, வலையும் போச்சு" என்றார் கஸ்பார். இழுப்பாட்கள் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. வெறும் கையோடு வீட்டுக்குப் போகிறவர்களின் முதுகைக் கித்தேரி பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தன்னோடு பேச அவளுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு அக்கரையிலிருந்து ஒரு வள்ளம், தண்ணீருக்குள் எதையோ கட்டி இழுத்துக்கொண்டு, புறப்பட்டது. நடுக்கடல்வரைக்கும் வந்து, அங்கே அவர்கள் காவல்படகு ஊதியதும் நின்றது. அதில் நின்ற ஞானப்பூ மிதவைக்கட்டை கட்டிய கயிறு ஒன்றைத் தலைக்குமேல் சுழற்றி இந்தப் பக்கம் பார்த்து எறிந்தாள். எவ்வளவு பலமாக எறிந்தும் கயிறு கரைக்கு வரவில்லை, அலைக்கு அந்தப் பக்கமே விழுந்தது. கித்தேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"அம்மா, இறங்காதீங்க!" என்று புருஷோத்தமன் கரையில் நின்று கத்தினார். "அது எதிரி நாட்டுக் கயிறு! சோதனை பண்ணாமத் தொடக்கூடாது!"

"அது என் கயிறுய்யா!"

இடுப்பளவு ஆயிற்று, மார்பளவு ஆயிற்று. ஒரு அலை அவள் வாய்க்குள் அடித்தது. துப்பிவிட்டு, தூரத்து நாட்டையும் வடகோடி நாட்டையும் ஞானப்பூவின் எறியத் தெரியாத கையையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு நீந்தினாள். கட்டை கைக்கு எட்டியது. பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். அந்தப் பக்கம் யாரோ மெதுவாகத் தளர்த்திக் கொடுத்தார்கள். கயிறு வந்தது, அதோடு கனமும் வந்தது. கரையேற்றாமல் இராமுழுக்கத் தண்ணீரிலேயே மீனை உயிரோடு வைத்திருந்த மடியின் கனம். முழு மடியா, பாதி மடியா, பொறுக்கியெடுத்த மிச்சமா என்று தண்ணீருக்குள் நின்றுகொண்டு சொல்ல முடியாது. கரையேற்றினால்தான் தெரியும்.

அவள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினாள். கரையில் முப்பது பேரும் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், நடுவில் கஸ்பார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னல வேடிக்க பாக்கீய?" என்று அவள் கத்தினாள். "நாளைக்கு எவன் எவனோட ஒப்பந்தம் போடுவானோ, எறங்கி இழுங்கல!"

முதலில் ஒருவன் ஓடிவந்து தண்ணீரில் விழுந்தான். பிறகு எல்லோரும் வந்தார்கள்.